உழைத்த உடம்புக்கு நோய் வராதா?

"உழைச்ச உடம்புங்க, அவருக்கு ஒண்ணும் ஆகாது." என் பெரியப்பாவைப் பற்றி ஊரில் எல்லோரும் சொன்னது இது. 30 வருடம் அரிசி மண்டியில் மூட்டை தூக்கியவர். துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக் குனிந்து நிற்பார். இரண்டு பேர் மூட்டையை ஏற்றிவிடுவார்கள். லாரியிலிருந்து சாய்த்துப் போட்ட பலகை வளைய வளைய இறங்குவார். அப்போது மூட்டை 100 கிலோ. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. நின்று மூச்சு வாங்கினால் அந்தக் காசு போச்சு.

58 வயதில் அவரால் கக்கூஸில் உட்கார்ந்து எழ முடியவில்லை. சுவரில் கயிறு கட்டிக் கொடுத்தோம். பிரஷர் இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. "தினமும் வாக்கிங் போங்க" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மாவிடம் கேட்டார்: "நான் நடந்த நடை பத்தலையாமா?"

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. தேடிப் படித்தேன். 17 ஆய்வுகளை, அதாவது 1,90,000 பேருக்கு மேலானவர்களின் விவரங்களை, ஒன்றாக அலசி 2018-ல் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. வேலையில் கடுமையாக உடலை வருத்தும் ஆண்கள் சீக்கிரம் இறக்கும் அபாயம், அப்படி வருத்தாதவர்களைவிட 18 சதவீதம் அதிகம். பெண்களிடம் இது தெளிவாகத் தெரியவில்லை. 2021-ல் டென்மார்க்கில் ஒரு லட்சம் பேரிடம் பார்த்ததிலும் இதே கதை: ஓய்வு நேரத்தில் ஓடியாடுவது இதயத்தைக் காக்கிறது, வேலையில் படும் பாடு அப்படிக் காப்பதில்லை.

ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் நமக்குப் புரியாததில்லை. உடற்பயிற்சி அரைமணி நேரம்தான், அப்புறம் ஓய்வு. மூட்டை தூக்குபவருக்கு நாள் முழுக்க நாடித்துடிப்பு ஏறியே கிடக்கிறது. மூச்சைப் பிடித்துத் தூக்கும் ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் எகிறுகிறது. மறுநாள் உடம்பு தேறுவதற்குள் அடுத்த லாரி வந்துவிடும்.

ஒரு ஆண் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. பெரியப்பா தலையில் ஏறியது கிட்டத்தட்ட அதன் இரண்டு மடங்கு. இப்போது பல இடங்களில் 50 கிலோ மூட்டை வந்துவிட்டது, சரி. ஆனால் கூலி இன்னும் மூட்டைக் கணக்குதானே? இத்தனை மூட்டைக்கு ஒருமுறை உட்காரும் நேரத்துக்கும் கூலி சேர்த்துக் கொடுங்கள். வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறார்களே சுகாதாரப் பணியாளர்கள், அவர்கள் விடியற்காலையில் லாரி நிற்கும் மண்டிக்கும் வரட்டும். 40 வயதிலேயே யாராவது பெரியப்பா கையில் அந்தப் பட்டையைச் சுற்றிப் பார்த்திருக்கலாம்.