துணியா, டயபரா? முதலில் யார் அலக்குவது?

பிள்ளை பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் எனக்குச் சொன்ன ஒரே புத்தி, "டயபர் மட்டும் போடாதே" என்பதுதான். எனக்கு ஆபரேஷன் செய்து பிறந்த பிள்ளை. தையல் ஆறும்வரை வாளி தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமி பழைய வேட்டிகளைக் கிழித்து 40 துண்டு மடித்து வைத்திருந்தார்கள். "நாங்க எல்லாம் இதுலதானே பிள்ளை வளத்தோம் மக்களே" என்றார்கள். உண்மைதான். ஆனால் பச்சைப்பிள்ளை ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு துணி நனைக்கும். அதை அலக்கப்போவது யார் என்று வந்தவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

முதல் மூன்று வாரம் மாமிதான் அலக்கினார்கள். இந்த வயதில் கல்லின் முன்னால் குனிந்து நின்று துணி அடிக்கும் சத்தத்தைக் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். அப்புறம் இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகும் முன் அலக்கிக் காயப்போட்டுவிட்டுப் போகிறார். "ஆம்பிளை பீத்துணி அலக்குதான்" என்று தக்கலை வரைக்கும் பேச்சு போயிற்று. போகட்டும்.

இப்போது பகலில் துணி. ராத்திரியும் பயணத்துக்கும் டயபர். செலவு மட்டும் காரணம் இல்லை. துணி நனைந்தால் பிள்ளை சிணுங்கும், உடனே மாற்றிவிடுவோம். டயபருக்குள் இருக்கும் பொடி மூத்திரத்தை உறிஞ்சி ஜெல்லாக்கிவிடுவதால் ஈரம் தெரியாது, நாமும் மறந்துவிடுவோம். மலமும் மூத்திரமும் நெடுநேரம் தோலில் இருந்தால்தான் சிவந்து புண்ணாகிறது. துணியானாலும் மாற்றாமல் விட்டால் அதே புண் வரும். சோப்பு போக அலசாவிட்டாலும் எரிச்சல்தான். வாசனைக்கென்று கடைசித் தண்ணீரில் ஊற்றும் திரவமும் வேண்டாம். துணி ஈரத்தை உறிஞ்சாமல் போகும்.

துணி என்றாலே பூமிக்கு நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிள்ளைக்கு இரண்டரை வருடத்துக்குக் கரியமில வாயு டயபரால் சுமார் 550 கிலோ, துணியால் 570 கிலோ என்று கணக்கு வந்தது. அங்கே பலர் மெஷினில் துவைத்து மின்சார டிரையரில் உலர்த்துகிறார்கள். மெஷின் நிறையப் போட்டுத் துவைத்து, கொடியில் காயவைத்து, அதையே அடுத்த பிள்ளைக்கும் கட்டினால் 200 கிலோ குறையும் என்றும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. நமக்குக் கொடியும் வெயிலும் வாசலிலேயே இருக்கின்றன.

வெயில் இருக்கும் நாளில், அவ்வளவுதான். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஆனி, ஆடிச் சாரல் ஓய்ந்து மூச்சுவிடுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். மூன்று நாள் வீட்டுக்குள் தொங்கி முடைநாற்றம் வீசும் துணியைப் பிள்ளைக்குக் கட்டுவதைவிட டயபர் எவ்வளவோ நல்லது. அந்த நாளில் டயபர் போட்ட தாயைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல் எத்தனை நாள் மனதில் கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.

டயபர் போடுகிறவர்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. எங்கள் சானல்கரையில் நடந்தால் ஊதிப்போன டயபர் தண்ணீரில் கிடக்கிறது. அந்தத் தண்ணீர்தான் கீழே வாழைக்குப் போகிறது. சிலர் தென்னமூட்டில் போட்டு எரிக்கிறார்கள். பிளாஸ்டிக் புகை பிள்ளை தூங்கும் அறைக்கே வருகிறது. மலத்தைக் கக்கூஸில் தட்டிவிட்டு, டயபரைச் சுருட்டிக் காகிதத்தில் பொதிந்து, குப்பை எடுக்க வருகிறவர்களிடம் தனியாகக் கொடுங்கள். பயன்படுத்திய டயபரைப் பொதிந்துதான் போட வேண்டும் என்று திடக்கழிவு விதிகளிலும் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தக் குப்பையைப் பிரிப்பது இன்னொருவரின் கை.

அடுத்த மாதம் என் தங்கச்சிக்குப் பிரசவம். மடித்த வேட்டித்துணி ஒரு கட்டும், ஒரு பாக்கெட் டயபரும் எடுத்து வைத்திருக்கிறேன். போகிற அன்றைக்கு வாளியில் கிடப்பதை அலக்கிப் போட்டுவிட்டுத்தான் வருவேன்.