கழற்றிய கெபாசிட்டரை எங்கே வைத்தீர்கள்?

பழைய ஐபாடைத் திறந்து 'மாட்' செய்யும், அதாவது உள்ளே இருப்பதை இஷ்டத்துக்கு மாற்றும் கிறுக்கு நம் ராமநாதபுரம் கடற்கரைப் பையன்களையும் பிடித்துக்கொண்டது. கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி பக்கம் சபராளி இல்லாத தெரு கிடையாது. அவர்கள் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வாங்கி வந்து அலமாரியில் போட்டுவைத்த பிளேயர்களுக்கும் பஞ்சமில்லை. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி மெமரி கார்டு போடுவது, புது பேட்டரி மாற்றுவது, ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றுவது எல்லாம் நல்ல வேலை, எனக்கும் பிடித்த வேலை. ஆனால் "சவுண்டு சுத்தமா வரணும்" என்று போர்டில் இருக்கும் கெபாசிட்டரைத் தூக்குகிறார்களே, அதைச் செய்கிற லட்சணத்தைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

விஷயம் இதுதான். 2005-ல் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபாடில், பாட்டை ஓசையாக்க வுல்ஃப்சன் கம்பெனி சிப் இருக்கிறது. அதன் ஓசைக்காகவே இன்றும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. ஒற்றை பேட்டரியில் ஓடும் இந்த மாதிரி சிப்பில் பாட்டின் சிக்னல் பூஜ்யத்தைச் சுற்றி ஏறி இறங்குவதில்லை. சப்ளையில் பாதியை, அதாவது சுமார் ஒன்றரை வோல்ட்டை, நடுவாக வைத்துக்கொண்டு ஏறி இறங்குகிறது. அந்த ஒன்றரை வோல்ட் டிசியை, அதாவது ஏறி இறங்காமல் நிற்கும் மின்சாரத்தை, மறித்துவிட்டுப் பாட்டை மட்டும் வெளியே விடுவதற்குத்தான் அங்கே கெபாசிட்டர் இருக்கிறது. கம்பெனி போட்டிருப்பது இத்துனூண்டு சாதா ரகம், அது ஓசையைக் கெடுக்கிறது என்பது மாட்காரர்கள் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக 16 ஓம் இயர்போனை ஓட்டினால் 100 ஹெர்ட்ஸிலேயே பாஸ், அதாவது அடித்தொனி, 3 டெசிபல் இறங்கிவிடும். தவில் சத்தம் தகர டப்பா மாதிரிதான் கேட்கும்.

சரி, அதற்காக அதை அடியோடு தூக்க வேண்டுமா? நம்மாட்கள் எல்லாரும் மாட் செய்த பிளேயரைத் தனி ஆம்ப்பில்தான், அதாவது ஒலியைப் பெருக்கும் பெட்டியில்தான், மாட்டுகிறார்கள். ஆம்ப்பின் உள்வாங்கும் மின்தடை 10,000 ஓம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வெறும் 1 மைக்ரோஃபாரட் போட்டாலே 16 ஹெர்ட்ஸ் வரை இறங்கிப் போகலாம். அந்த அளவில் நல்ல ஃபிலிம் கெபாசிட்டர் சல்லிசாகக் கிடைக்கிறது. மாற்றலாம் என்கிறபோது எதற்காகத் தூக்குகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

தூக்கினால் என்ன ஆகும்? ஒன்றரை வோல்ட்டை நேராக 32 ஓம் ஹெட்போனுக்குக் கொடுத்தால் 47 மில்லிஆம்பியர் ஓயாமல் ஓடும். பாட்டை நிறுத்தி வைத்தாலும் ஓடும். ஹெட்போனுக்குள் ஓசை எழுப்பும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு அங்கேயே நின்று சூடேறும். நடுவில் டிசியைத் தடுக்காத ஆம்ப் ஒன்று இருந்து, அது ஐந்து மடங்கு பெருக்கினால் ஏழரை வோல்ட். ஆம்ப்பின் சப்ளை அதற்கு இடம் கொடுத்தால் காயிலில் ஒன்றே முக்கால் வாட். இத்துனூண்டு காயில் எத்தனை நேரம் தாங்கும்?

வெளிநாட்டு மாட் ஒன்றில் கெபாசிட்டரைப் பிளேயரிலிருந்து எடுத்து, ஆம்ப்புக்குப் போகும் லைன் அவுட் கேபிளுக்குள் வைப்பார்கள். பெரிய கெபாசிட்டர் போட இடம் கிடைக்கிறது என்று சொல்வார்கள். எனக்கு இது அறவே பிடிக்காது. கேபிள் ஒரு பக்கம் போகும், பிளேயர் ஒரு பக்கம் போகும். மண்டபம் ஊரில் தெரிந்த தம்பி ஒருவன் பழைய போன் கடையில் இப்படிப்பட்ட ஒன்றை வாங்கிவிட்டான். வெளியே பார்த்தால் சாதாரண ஐபாட். கடைக்காரர் எதுவும் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. சாதா கேபிளைப் போட்டு ஆம்ப்பில் மாட்டியிருக்கிறான். பிளக்கைச் செருகும்போது காதில் 'டப்' என்று அறைந்திருக்கிறது, அப்புறம் இடது பக்கம் கரகரத்து அடங்கிவிட்டது. என்னிடம் வந்தபோது கேபிளின் முனையில் மீட்டர் வைத்தேன். பாட்டு ஓடவில்லை, மீட்டரில் 1.5. ஹெட்போனின் இடது கிண்ணத்தைத் திறந்தால் கருகின வார்னிஷ் வாடை.

செய்தவனுக்குத் தன் பிளேயரில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரியும். கை மாறினால் அடுத்தவனுக்கு அது எப்படித் தெரியும்? ஆகவே கெபாசிட்டர் பிளேயரின் உடம்புக்குள்ளேதான் இருக்க வேண்டும். பிளஸ், மைனஸ் முனை உள்ள எலக்ட்ரோலிட்டிக் ரகம் என்றால் பிளஸ் முனை சிப் பக்கம். கெபாசிட்டர் தாண்டிய பிறகு கிரவுண்டுக்கு ஒரு 100 கிலோஓம் ரெசிஸ்டர், அப்போதுதான் செருகும்போது அந்த 'டப்' வராது. மீட்டரை டிசியில் வைத்து ஜாக் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பாருங்கள். அந்த ரெசிஸ்டர் இல்லாவிட்டால் எண் முதலில் பெரிதாகக் காட்டி மெல்ல மெல்ல இறங்கும், நிற்கும் வரை பொறுங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் நிம்மதி. 50-ஐத் தாண்டினால் ஹெட்போனை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு மைக்செட் கட்டுகிறவரைக் கவனித்துப் பாருங்கள். ஆம்ப்பைக் கடைசியில் போடுவார், முதலில் அணைப்பார். நமக்கும் அதே வரிசைதான், ஹெட்போன் எல்லாவற்றுக்கும் கடைசி.

நம் ஊரில் இன்னொரு தலைவலி உப்புக்காற்று. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் துருவை ஆராய மண்டபத்தைத் தேடி வந்திருக்கிறது என்றால் சும்மா இல்லை. பழைய பிளேயரின் ஜாக்கைக் கழற்றினால் காலைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அதன் மேலேயே கடையில் விற்கும் சால்டரிங் பேஸ்டைத் தடவி ஈயம் வைத்தால், மிச்சமிருக்கும் பேஸ்ட் ஈரத்தை இழுத்துக்கொண்டு கெபாசிட்டரின் இரண்டு காலுக்கும் நடுவே வழி போட்டுக் கொடுக்கும். டிசி அந்த வழியாகக் கசியும். வேலை முடித்த அன்று சுத்தமாக இருந்த அளவு ஐப்பசி மழையில் ஏறுவது இதனால்தான். ரோசின் பிளக்ஸ் மட்டும் போதும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, மேலே போர்டை ஈரத்திலிருந்து காக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் ஒரு பூச்சு. ஜாக்குக்குள்ளே பூச்சு போய்விடாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் முன்னால், முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். உப்பிய பேட்டரியை நெம்பி எடுக்கிற வீரம் வேண்டாம்.

புது பிளேயர் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஜாக்கிலிருந்து சாதா 3.5-க்கு மாற்றும் பின் என்று கடையில் கொடுப்பதை வாங்காதீர்கள். இடது, வலது இரண்டின் எதிர் முனைகளும் அதற்குள் ஒன்றாகச் சேரும். பிளேயரின் ஆம்ப் சிப் போய்விடக்கூடும்.

மாட் செய்த பிளேயரை விற்கிறவர்கள், இலவசமாகக் கொடுக்கிறவர்கள்கூட, பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி 'லைன் அவுட்டில் டிசி உண்டு' என்றோ 'கெபாசிட்டர் உள்ளே' என்றோ எழுதுங்கள். வாங்குகிறவர்கள் கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். மீட்டர் இல்லாதவர்கள் என்னிடம் கொண்டு வாருங்கள், அளந்து சொல்லக் காசு வாங்குவதில்லை. ஹெட்போனை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.