ஐந்தாம் பீரியடும் ஒரு கரண்டிச் சோறும்

வெறும் வயிற்றோடு நின்று மயங்கி விழுந்தால் ஊருக்கே காரணம் புரியும். சாப்பிட்டுக் கை கழுவிய அரை மணி நேரத்தில் தலைசுற்றினால் யாருக்கும் புரிவதில்லை. எனக்கும் புரியவில்லை. புரியாமலேயே ஏழு வாரம் ஓட்டினேன். இதை எழுதும் எண்ணமே எனக்கு இருந்ததில்லை. போன வாரம் ஆசிரியர் அறையில் இளைய ஆசிரியை ஒருத்தி, "அக்கா, மத்தியானம் சோறு சாப்பிட்டாலே கிறுகிறுவென்று வருகிறது. பேசாமல் சோற்றையே நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறேன்" என்றாள். அச்சு அசலாக நான் பிப்ரவரியில் சொன்ன வாக்கியம். அதனால் எழுதுகிறேன்.

என் கதை ஒரு ரவிக்கையில் தொடங்குகிறது. தங்கை மகளுக்கு வைகாசியில் கல்யாணம் என்று தை மாதம் முடிவானது. அம்மா எனக்கு வாங்கித் தந்த மாம்பழ நிறக் காஞ்சிப் பட்டைத்தான் முகூர்த்தத்துக்குக் கட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. பீரோவிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தால், ரவிக்கையின் கை என் முழங்கையைத் தாண்டி ஏற மறுத்தது. வயது 44, எடை 68 கிலோ. அன்றிரவே கலோரி எண்ணும் செயலி ஒன்றைக் கைபேசியில் இறக்கினேன். சமூக ஊடகத்தில் உணவுத் திட்டம் விற்கும் ஒரு பெண்மணிக்கு மாதக் கட்டணமும் கட்டினேன். நாளொன்றுக்கு 900 கலோரி என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

கணக்கு டீச்சரிடம் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும், மற்றதை அவளே பார்த்துக்கொள்வாள். காலையில் சர்க்கரை போடாத கறுப்புக் காப்பி, இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு. பதினொரு மணிக்கு வெள்ளரிக்காய். மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, ரசம், பீன்ஸ் பொரியல். மாலையில் அரைக் கிண்ணம் சுண்டல். இரவு ஆறரைக்குள் ஒரு சப்பாத்தி. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு, நமக்கும் வந்துவிடப் போகிறதே என்று உப்பையும் பாதியாக்கினேன். முதல் வாரத்திலேயே இரண்டரைக் கிலோ இறங்கியது. அந்தத் தெம்பில் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் அறிவுரை வேறு வழங்கினேன். அவர்கள் இப்போது என்னை மன்னித்துவிட்டதாக நம்புகிறேன்.

மூன்றாவது வாரம், சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஐந்தாம் பீரியட், ஒன்பதாம் வகுப்பில் முக்கோணவியல். கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. காதுக்குள் வண்டு பறப்பது போல ஒரு ரீங்காரம். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்" என்று சமாளித்தேன். முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும் கவனித்துவிட்டாள். "டீச்சர், தண்ணீர் வேண்டுமா?" என்று பாட்டிலை நீட்டினாள்.

மறுநாளும் அதே நேரம். அதற்கடுத்த நாளும். நான்காம் பீரியடில், பசியில் வயிறு கத்தும்போது, ஒன்றும் ஆகாது. நிமிர்ந்து நின்று பாடம் நடத்துவேன். சாப்பிட்டுவிட்டு வந்தால்தான் சுற்றும். இந்த விவரத்தை வைத்துக்கொண்டு நான் வந்து சேர்ந்த முடிவு: சோறு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கரண்டி அரைக் கரண்டியானது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு" என்று சிரித்தார். அந்தப் பழமொழி வயிறு நிறையச் சாப்பிட்டவனின் தூக்கத்தைப் பற்றியது. அரைக் கரண்டிச் சோற்றுக்கு அது பொருந்தாது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

திட்டம் விற்ற பெண்மணியிடமும் கேட்டேன். "உடம்பில் தேங்கியிருக்கும் நச்செல்லாம் வெளியேறுகிறது, அதனால்தான் தலைசுற்றுகிறது. நல்ல அறிகுறி" என்றார். இந்தப் பதிலை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. எந்த நச்சு? அதற்குப் பெயர் இல்லையா? கழிவை வெளியேற்றச் சிறுநீரகமும் கல்லீரலும் இருக்கும்போது, அது ஏன் தினமும் ஒன்றேகால் மணிக்கு என் தலை வழியாக வெளியேற வேண்டும்? அந்தப் பதிலின் சாமர்த்தியம் இதுதான்: நன்றாக இருந்தால் திட்டம் வேலை செய்கிறது, மோசமாக இருந்தால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. எந்த விடை வந்தாலும் சரி என்று சொல்லும் கணக்கை என் வகுப்பில் எந்தப் பிள்ளை போட்டாலும் சுழி போடுவேன். இதற்கு மட்டும் பணம் கட்டினேன்.

ஏழாவது வாரம் படிக்கட்டில் தடுமாறியதைப் பார்த்த சக ஆசிரியை, கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா முதலில் கேட்டது, "மயக்கமா, சுற்றலா?" எனக்கு வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை. தமிழில் இதற்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். மயக்கம், கிறக்கம், கிறுகிறுப்பு, தலைசுற்றல், கண் இருட்டல், தள்ளாட்டம், அசதி. இத்தனை இருந்தும் நாம் எல்லாவற்றையும் "மயக்கமாக வருகிறது" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். படுக்கையில் புரண்டால் அறை ராட்டினம் போலச் சுழல்வது பெரும்பாலும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பின் கோளாறு. எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவது வேறு. கை நடுங்கி, வியர்த்து, நெஞ்சு படபடத்து வருவது இன்னும் வேறு. டாக்டரிடம் போகும் முன் எந்தச் சொல் என்று தீர்மானித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்: மேல் அழுத்தம் 110. எழுந்து நிற்கவைத்து மூன்று நிமிடம் கழித்துப் பார்த்தார்: 88. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6. "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்றார். நான் சற்றுப் பெருமையாகவே செயலியைத் திறந்து காட்டினேன். பார்த்துவிட்டு, "இது காலை, மத்தியானம் இரண்டுக்கும் சேர்த்தா?" என்று கேட்டார். நாள் முழுவதற்கும் என்றேன். கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் விளக்கியதை எங்கள் தெருவை வைத்துப் புரிந்துகொண்டேன். எங்கள் தெருவுக்கு ஒரே மேல்நிலைத் தொட்டி. தொட்டி நிறைந்திருந்தால் எந்த வீட்டில் மோட்டார் போட்டாலும் மாடிக் குழாயில் தண்ணீர் வரும். தொட்டி அடியில் கிடக்கும் நாளில் ஒருவர் மோட்டார் போட்டால் மாடிக் குழாய் சீறிவிட்டு நின்றுவிடும். மாடியில் இருப்பவர் மோட்டார் போட்டவரைத்தான் திட்டுவார். சாப்பாடு வயிற்றுக்குப் போனதும் குடலுக்கு அதிக ரத்தம் வேண்டும். அந்த நேரத்தில் இதயம் கொஞ்சம் வேகமாக அடித்து, மற்ற இடங்களில் ரத்தக் குழாய்கள் சற்றே இறுகி, தலைக்குப் போகும் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். ஓடுகிற ரத்தத்தின் அளவே குறைந்துபோயிருந்தால் இந்த ஏற்பாடு தாங்காது. குறைவாகச் சாப்பிடும்போது இன்சுலின் இறங்குகிறது; சிறுநீரகம் உப்பை வெளியே விடுகிறது; உப்போடு தண்ணீரும் போகிறது. உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு கரைந்தால் அந்தத் தண்ணீரும் போகும். நான் கொண்டாடிய முதல் வார இரண்டரைக் கிலோவில் பெரும்பகுதி அதுதான். போதாததற்கு உப்பை நானே குறைத்திருந்தேன். அதற்கு மேல் ரத்தசோகை. வெளியே மார்ச் மாத வெயில். சாப்பிட்ட கையோடு நாற்பது நிமிடம் நின்றபடி பாடம். பழி மட்டும் மோட்டார் போட்ட சோற்றின் மேல்.

சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் மேல் அழுத்தம் 20 அளவுக்கு இறங்குவதைத் தனிக் கோளாறாகவே மருத்துவம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வயதானவர்களிடமும் நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளிடமும் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களிடமும் அது அதிகம். அவர்கள் பட்டினி கிடக்க வேண்டிய அவசியம்கூட இல்லை; சோறு மட்டுமே மிகுந்த ஒரு பெரிய சாப்பாடு போதும். வீட்டில் தாத்தா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுந்து நடந்து அடிக்கடி விழுகிறார் என்றால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒருமுறை அழுத்தம் பார்த்துவிடுங்கள்.

சோற்றை நிறுத்தப் பார்த்த அந்த இளைய ஆசிரியையிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு வருகிறது?" அவளுக்கு மூன்றரை மணிக்கு மேல், கை நடுக்கமும் வியர்வையும் உண்டு. என் கதை இல்லை அது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மத்தியானம் சோற்றை மட்டும் அவசரமாக விழுங்கினால், சர்க்கரை சட்டென்று ஏறும். அதைத் துரத்திக்கொண்டு இன்சுலின் வரும். இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் சர்க்கரை தேவைக்குக் கீழே இறங்கிவிடுவது சிலருக்கு உண்டு. அவளுக்கு அதுதானா என்று நான் சொல்ல முடியாது. நடுங்கும் நேரத்திலேயே விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தால் தெரிந்துவிடும், பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இதற்குப் பிறகு கொஞ்சம் படித்தேன். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் ஒரு பரிசோதனை தொடங்கினார். போருக்குப் போக மனச்சாட்சி இடம் கொடுக்காத 36 இளைஞர்கள், போரில் பட்டினி கிடப்பவர்களுக்கு எப்படி மீண்டும் உணவூட்டுவது என்று கண்டறிய, தாங்களாகவே பட்டினிக்கு முன்வந்தார்கள். 24 வாரம் அரைப்பட்டினி. எடையில் கால்வாசி போனது. நாடித்துடிப்பு குறைந்தது, குளிர் தாங்கவில்லை, முடி கொட்டியது, தலைசுற்றியது. எந்நேரமும் சாப்பாட்டு நினைவு. தட்டை நக்கினார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். (இரவு பதினொரு மணிக்கு நான் பரோட்டா வீசும் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.) அவர்களுக்குக் கொடுத்தது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி. அதற்குத்தான் அரைப்பட்டினி என்று பெயர். அவர்கள் இளம் ஆண்கள், வாரம் 35 கிலோமீட்டர் நடக்கவைக்கப்பட்டவர்கள். என்னோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் 900 என்று எழுதிக் கொடுத்தவருக்கும், அதை வாங்கி வைத்துக்கொண்ட எனக்கும் இந்த எண் ஒருமுறையாவது தெரிந்திருக்கலாம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். உட்கார்ந்து வேலை பார்க்கும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கே நாளொன்றுக்கு 1,660 கலோரி என்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் கணக்கிட்டிருக்கிறது. எடை குறைய அதிலிருந்து கொஞ்சம் குறைக்கலாம், தவறில்லை. பாதியாக வெட்டுவதற்குப் பெயர் வேறு.

"குண்டாக இருப்பவளுக்கு என்ன ஊட்டச்சத்துக் குறை?" என்று கேட்பவர்களுக்கு ஒரு விவரம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்குச் சோகை, 40.4 சதவீதம் பேர் அதிக எடை. இரண்டும் ஒரே உடம்பில் குடியிருக்க முடியும் என்பதற்கு நானே சாட்சி. பார்ப்பவர்கள் எடையைத்தான் பார்க்கிறார்கள். நான் சோர்ந்து கிடந்த ஏழு வாரமும் வீட்டிலும் பள்ளியிலும் "நன்றாக இளைத்துவிட்டாயே" என்று பாராட்டு. ஒருவர்கூட முகம் வெளிறியிருக்கிறதே என்று கேட்கவில்லை. கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கத்தைத் தியாகம் என்று கொண்டாடிய வீடுகளில், குறைவாகச் சாப்பிடும் பெண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை.

என் பாட்டி ஏகாதசி இருப்பாள். மறுநாள் விரதம் முடிக்கும் பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று நிதானமாகத் தொடங்குவாள். உடனே முன்னோர் அறிவியல் என்று ஆரம்பித்துவிட வேண்டாம். பாரணை முடித்த பாட்டி திண்ணைத் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். கிளிமிப்பிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று விசாரித்துவிட்டு வேலை செய்வதில்லை. எடை குறைந்த உடம்புக்குப் பழைய அளவு அழுத்த மாத்திரையே அதிகமாகிவிடலாம். தலைசுற்றலோடு நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போதல், கறுப்பு மலம் இவற்றில் எது இருந்தாலும் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

எனக்கு டாக்டரம்மா சொன்னது மிகச் சாதாரணமானது. காலையில் ஒழுங்காக இட்லி. முட்டையை மஞ்சள் கருவோடு. மத்தியானம் இரண்டு கரண்டிச் சோறு, அதோடு பருப்பு, கீரை, தயிர். சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒரு டம்ளர் தண்ணீர். உப்பைப் பழைய அளவுக்குக் கொண்டுவரச் சொன்னார் (எனக்குச் சொன்னது, அழுத்தம் அதிகம் உள்ளவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம்). இரும்புச்சத்து மாத்திரை. ஐந்தாம் பீரியடின் முதல் பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் திருத்துவது. மூன்று வாரத்தில் கரும்பலகை தன் இடத்தில் நின்றது. எடை 65இல் நிற்கிறது. செயலியை அழித்துவிட்டேன். கட்டிய பணம் திரும்பவில்லை.

ரவிக்கை 65 கிலோவுக்கும் ஏறவில்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது முக்குத் தையல்கடைக்காரரிடம் கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்தார். "உள்ளே இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் துணி விட்டுத் தைத்திருக்கிறார்களே, பிரித்துவிட்டால் போதும் டீச்சர்" என்றார். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.