ஏடா கோல்மன் சரி, மேடம் கிளிக்கோ எங்கே?

காக்டெயில்களைப் பற்றிய உங்கள் தொடரில், ஹாங்கி பாங்கி காக்டெயிலோடு அதை உருவாக்கிய லண்டன் சவாய் ஹோட்டல் பார்டெண்டர் ஏடா கோல்மனின் கதையையும் சேர்த்தது அருமை. அதில் விழும் ஃபெர்நெட் பிராங்கா என்ற இத்தாலிய மூலிகை மது சில துளிதான், ஆனால் அந்தக் கசப்பில்தான் விஷயமே இருக்கிறது. ஜின்னோடு ஷாம்பெயின் சேரும் ஃபிரெஞ்சு 75 காக்டெயில் பகுதியில் மட்டும் ஷாம்பெயினை வெறும் நுரையாகக் கடந்துவிட்டீர்கள். புதுச்சேரிக்காரனான எனக்கு அது உறுத்தியது. (பிரெஞ்சுக்காரர்கள் இங்கே விட்டுப்போனதில் தெருப்பெயர்தான் அதிகம், ஷாம்பெயின் குறைவு!) 1805இல், 27 வயதில் கணவரை இழந்து, ஷாம்பெயின் வியாபாரத்தைத் தானே நடத்தியவர் மேடம் கிளிக்கோ. துளையிட்ட மேசையில் புட்டிகளைத் தலைகீழாகச் செருகித் திருப்பி, உள்ளே தங்கும் மண்டியைப் புட்டியின் கழுத்துக்கு இறக்கும் முறை அவர் நிலவறையில் உருவானது. அப்புறம், மதுக்கூடங்களில் பெண்கள் வேலை செய்வதைத் தடுத்த 1914ஆம் ஆண்டு பஞ்சாப் கலால் சட்டப் பிரிவு டெல்லியிலும் இருந்தது. அது செல்லாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அடுத்த பகுதியில் இதற்கும் ஒரு கோப்பை ஒதுக்குங்கள்.