விளம்பரம் தேடுகிறோமாம்!

தொண்டு நிறுவனங்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். "சேவை செய்கிறவனுக்கு எதற்கு விளம்பரம்?" என்று அந்தப் பெரியவர் கேட்டதும் மண்டபமே கைதட்டியதே, அந்தக் கைதட்டல்தான் தூங்கவிடவில்லை.

ஐயா, நான் விளம்பரம் கேட்கவில்லை. இணையத்தில் தேடுகிறவன் கண்ணில் படுங்கள் என்றேன், அவ்வளவுதான். தொலைபேசி எண்ணைப் படத்துக்குள் புதைக்காமல் எழுத்தாகப் போடுங்கள் என்றேன். பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கும் பக்கங்களை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக்கு மாற்றுங்கள் என்றேன். பாமினியில் நமக்குக் 'கண் தானம்' என்று தெரிவது கூகுளுக்கு வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். தமிழில் தேடுகிறவனுக்கு அது ஏழு ஜென்மத்துக்கும் அகப்படாது. கூகுள் வரைபடத்தில் முகவரியைப் பதியக் காலணா செலவில்லை. தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு மாதம் 10,000 டாலர் மதிப்பு வரை தேடல் விளம்பரத்தைக் கூகுளே 2003 முதல் இலவசமாகத் தருகிறது. இதில் யார் வீட்டுச் சொத்து கரைகிறது?

கூகுளுக்குக் கொடி பிடிக்கிறேனாம். பிடிக்கவில்லை. அந்த இலவசத்துக்கும் நிபந்தனை உண்டு. விளம்பரம் கண்ணில் படும் நூறு முறையில் ஐந்து முறையாவது யாராவது சொடுக்க வேண்டும், யாராவது உட்கார்ந்து கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். காசு உள்ளவன்தான் மேலே வருவான் என்பதும் உண்மைதான். அதற்காக எண்ணைக்கூட எழுத மாட்டோம் என்றால் எப்படி?

அப்பா இறந்தது இரவு ஒன்றரை மணிக்கு. கண்ணைக் கொடுத்துவிட வேண்டும் என்று பலமுறை சொல்லிவைத்திருந்தார். அக்கா மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்தாள். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். நான் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியில் தேடினேன். மூக்குக்கண்ணாடிக் கடை வந்தது. லேசர் சிகிச்சை வந்தது. இடது கண் துடித்தால் என்ன பலன் என்றுகூட வந்தது. கண் வங்கி வரவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன், காலையில் வரச் சொன்னார்கள்.

ஒன்பது மணிக்குத் துக்கம் கேட்க வந்த ஒருவர்தான் சொன்னார், பஸ் நிலையத்துக்குப் பின்னாலேயே ஒரு கண் வங்கி இருக்கிறதென்று. பத்து நிமிட தூரம். "நேரம் கடந்துவிட்டது, தம்பி" என்றார்கள். அவர்களுக்கும் இணையதளம் இருந்தது, பிறகு பார்த்தேன். தலைவரின் படத்துக்குக் கீழே, அதே படத்துக்குள், பொடி எழுத்தில் எண்.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று பின்னூட்டத்தில் பாடம் எடுப்பவர்களே, வாங்க வந்தவனுக்குமா தெரியக்கூடாது? விளம்பரமே ஆகாது என்ற பெரியவரின் அறக்கட்டளைத் தளத்தில், முகப்பிலேயே அவர் பொன்னாடை வாங்கும் படங்கள் பன்னிரண்டு. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அது மட்டும் சேவையோ?

அடுத்த கூட்டத்துக்கு அழைப்பிதழ் வந்திருக்கிறது. வழக்கம்போல் படமாக. பெரியவர் கைகூப்பி நிற்கிறார், மண்டபம் எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.