அது மாநகராட்சி விஷயமாம்

ஞாயிற்றுக்கிழமை வடசென்னை கொடுங்கையூரில் எங்கள் தெருவில் நடந்ததைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஓட்டுக் கேட்டு வந்த எம்.எல்.ஏ. வேட்பாளரிடம் எங்கள் தெரு ஆயா குப்பை எரிஉலையைப் பற்றிக் கேள்வி கேட்ட வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஆனால் நேற்று ராத்திரி அதற்குக் கீழே வந்த கமென்ட்களைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. வேட்பாளர் பெயரையும் கட்சிப் பெயரையும் போடவில்லை. எனக்குச் சண்டை அந்த ஒருவரோடு மட்டும் இல்லை.

எங்கள் தெரு ஆயா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "தம்பி, கொடுங்கையூர்ல குப்பைய எரிக்கிற மிஷின் போடப் போறாங்கன்றாங்களே, நீ அது வேணும்ன்றியா, வேணான்றியா?" அவ்வளவுதான். அவர் சிரித்தார். "ஆயா, அது மாநகராட்சி விஷயம், எம்.எல்.ஏ. கையில இல்ல. உங்க தெருவுக்கு லைட்டு, கால்வா எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

தெருவிளக்கு யாருடைய விஷயம்? மாநகராட்சியுடையது. மழைநீர் வடிகால்? மாநகராட்சி. அவருடைய நோட்டீஸில் போட்டிருக்கும் பூங்கா, விளையாட்டுத் திடல் எல்லாமே மாநகராட்சிதான். அதையெல்லாம் செய்து தருகிறேன் என்று சொல்லும்போது அவருக்கு நினைவுக்கு வராத மாநகராட்சி, எரிஉலை என்றதும் எப்படி வந்தது?

நான் கேட்பது ஆதரவா, எதிர்ப்பா என்பது மட்டும்தான். ஆதரவு என்றால் ஆதரவு என்று சொல்லட்டும், காரணத்தையும் சொல்லட்டும். நான் ஓட்டுப் போட மாட்டேன், ஆனால் மரியாதை வைத்திருப்பேன். ஒரு திட்டத்தைப் பற்றி வாயே திறக்காமல் ஓட்டு மட்டும் கேட்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எம்.எல்.ஏ.வால் என்ன செய்ய முடியும் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். மாநகராட்சிக்கு மேலே நகராட்சி நிர்வாகத் துறை இருக்கிறது. அந்தத் துறையின் அமைச்சர் சட்டமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும். துறைக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை வரும்போது எழுந்து பேசலாம், கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கலாம், கேள்வி நேரத்தில் கேட்கலாம். வடசென்னை வளர்ச்சித் திட்டம், மூன்று வருஷத்துக்கு 1,000 கோடி என்று 2023இல் அறிவித்தார்களே, அதை அறிவித்தது எங்கே? மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையிலா? சட்டமன்றத்தில், பட்ஜெட்டில். நம் பகுதிக்கு நல்லது வந்தால் அது சட்டமன்றத்தின் சாதனை, குப்பை வந்தால் மாநகராட்சி விஷயம் என்றால் எப்படி?

இந்த ஊரில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சென்னை மாநகராட்சியில் ஏறக்குறைய பாதி மண்டலங்களின் குப்பை கொடுங்கையூருக்குத்தான் வருகிறது. மீதி பெருங்குடிக்குப் போகிறது. பல வருஷமாகக் கொட்டி மலையாகிவிட்ட இடம் இது. பக்கத்திலேயே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். வடக்கே போனால் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அதையும் தாண்டினால் அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், ராத்திரி பகல் பார்க்காமல் போகும் கண்டெய்னர் லாரிகள். இதற்கு நடுவில்தான் ஒரு நாளைக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை என்கிறார்கள். 2025 மே மாதம் மனிதச் சங்கிலியாக நின்று வேண்டாம் என்று சொன்னோம். அன்றைக்கு ஆயாவும் நின்றார். அந்த வேட்பாளரை நான் அங்கே பார்க்கவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். என் அக்காவைப் பெண் பார்க்க வந்த நாளைச் சொன்னால் புரியும். கோடைக்காலம். முந்தின நாள் ராத்திரியே குப்பைமேட்டில் தீப்பிடித்துப் புகை கிளம்பிவிட்டது. அம்மா காலையிலிருந்து ஜன்னலை எல்லாம் சாத்தி, ஈரத் துணியைக் கதவிடுக்கில் வைத்து, சாம்பிராணி போட்டு என்னென்னவோ செய்தார். மாப்பிள்ளை வீட்டார் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. பஜ்ஜியைத் தொடவில்லை. இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து "பொண்ணு புடிச்சிருக்கு, ஏரியாதான் சரியில்லன்றாங்க" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு அக்கா அழுதது எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, நாங்கள் மூச்சு விடும் காற்று பிடிக்கவில்லை.

அப்புறம் அக்காவுக்கு எண்ணூரில்தான் மாப்பிள்ளை அமைந்தது. மாமா கடலுக்குப் போகிறவர். 2023 டிசம்பர் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மறக்காது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்தது. மாமாவின் படகு, வலை எல்லாம் கறுப்பு. அதைத் துடைத்து முடிப்பதற்குள் 26ஆம் தேதி நள்ளிரவு, கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. "கண்ணு எரியுதுடா, மூச்சு விட முடியல" என்று அக்கா போன் பண்ணினாள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிடைத்த ஆட்டோவில் ஏறி ஓடி வந்தார்கள். எங்கே ஓடி வந்தார்கள் தெரியுமா? கொடுங்கையூருக்கு. எங்கள் வீட்டுக்கு. நல்ல காற்று வேண்டும் என்று எண்ணூரிலிருந்து ஓடுகிற ஒருத்திக்குப் போக்கிடம் குப்பைமேட்டுக்குப் பக்கத்துத் தெரு.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. சரி, மேலே சொல்கிறேன்.

"அப்போ குப்பையை எங்கேதான் போடுவது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். 2016ஆம் வருஷத்துத் திடக்கழிவு விதிகளே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று பிரித்து வாங்கச் சொல்லியிருந்தன. நம் ஊர்க் குப்பையில் பெரும்பங்கு சமையல்கட்டு ஈரக் குப்பை. அது நல்லா எரியவும் எரியாது. அதை அந்தந்த மண்டலத்திலேயே உரமாக்கினால் இங்கே வருவதற்கு மிச்சம் எவ்வளவு இருக்கும்? எரித்தால் குப்பை காணாமல் போய்விடாது. பெரும்பங்கு புகையாகும், மீதி சாம்பலாகும். அந்தச் சாம்பலைக் கொட்ட இன்னொரு இடம் வேண்டும். சாம்பல் கொட்டினால் என்ன ஆகும் என்று, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆற்றங்கரையில் இருக்கிறவர்களைக் கேளுங்கள்.

"வெளிநாட்டில் நகரத்துக்கு நடுவிலேயே எரிக்கிறார்கள்" என்பதற்கு எனக்கு நீளமாகப் பதில் சொல்லத் தோன்றவில்லை. என் அம்மாவுக்கு வீஸிங். வீட்டில் நெபுலைசர் வாங்கி வைத்திருக்கிறோம், பனிக்காலத்தில் ராத்திரி இரண்டு தடவை வைக்க வேண்டியிருக்கும். ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் தங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் வெளிநாட்டைப் பற்றிப் பேசலாம்.

வளர்ச்சிக்கு எதிரி என்கிறீர்கள். 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்தபோது முதல் வாரமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். இன்றைக்கும் வேலைக்கு அதில்தான் போகிறேன். மெட்ரோ வந்ததற்கு நன்றி சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. அதற்காக எரிஉலையைப் பற்றிக் கேட்கக் கூடாதா?

நான் எந்தக் கட்சி என்றும் கேட்டிருக்கிறீர்கள். மற்றக் கட்சி வேட்பாளர்கள் வந்தாலும் இதே கேள்விதான். ஆதரவா, எதிர்ப்பா? எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஜெயித்த பிறகு மாறினால் அந்தத் தாளைக் காட்டிக் கேட்கிறோம்.

ஆனால் என்னை உண்மையில் உடைத்தது இது எதுவும் இல்லை. ஆயாவைப் பற்றி எழுதியிருந்தீர்களே. "யாரோ எழுதிக் குடுத்து அனுப்பிருக்காங்க." "ஐநூறு ரூபா குடுத்தா கிழவி சைலன்ட் ஆயிடும்." உங்களில் இரண்டு பேர் எங்கள் தெருப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் போகும்போது ஆயா கடையில் கடனுக்கு இட்லி தின்று வளர்ந்தவர்கள். ஆயாவின் வீட்டுக்காரர் பெரம்பூரில் இருந்த பி அண்ட் சி துணி மில் தொழிலாளி. மில் மூடும் வரைக்கும் சங்கக் கூட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை என்று ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த மில் தொழிலாளிகளை வைத்துத்தான் தொடங்கியது. முதலாளி முகத்துக்கு நேராகக் கேள்வி கேட்ட வீட்டிலிருந்து வந்தவருக்கு, ஓட்டுக் கேட்டு வந்த ஒருவரிடம் கேள்வி கேட்க இன்னொருவர் எழுதிக் கொடுக்க வேண்டுமா? படிக்காதவர், வயதானவர், வடசென்னைக்காரர் என்றால் சொந்தமாகக் கேள்வி வராது என்று யார் சொன்னது உங்களுக்கு?

அந்தக் கமென்ட்களை நான் ஆயாவிடம் படித்துக் காட்டவில்லை. யாரோ காட்டியிருக்கிறார்கள். இன்று காலை பால் வாங்கப் போனபோது, "அந்தப் புள்ள மறுபடி எங்கயாவது பேச வருதா?" என்று கேட்டார். புதன்கிழமை சாயங்காலம் கண்ணதாசன் நகர் பக்கம் கூட்டம் இருக்கிறது என்றேன். "அவ்ளோ தூரம் நடக்க முடியாது, ஆட்டோ சொல்லிடு" என்றார்.

சொல்லிவிட்டேன். ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம்.