கரி மாசை அழிப்பதில்லை, பிடித்து வைக்கிறது

“தாவரக் கழிவில் செய்த கரியில் வடிகட்டினால் மருந்து எச்சங்களும் பிஎஃப்ஏஎஸ் சேர்மங்களும் அழிந்துவிடும், கழிவே மிஞ்சாது” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். (பிஎஃப்ஏஎஸ் என்பவை கார்பன்-ஃபுளோரின் பிணைப்பு கொண்ட, எளிதில் சிதையாத செயற்கை வேதிப்பொருள்கள்.) ‘அழிந்துவிடும்’ என்பதுதான் தவறு. கரி அவற்றைத் தன் நுண்துளைகளில் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவே. இடம் நிரம்பியதும் மாசு தண்ணீரோடு வெளியேறத் தொடங்கும். குறுஞ்சங்கிலி பிஎஃப்ஏஎஸ்தான், அதாவது கார்பன் தொடர் குட்டையாக உள்ள வகைதான், முதலில் நழுவும். ஏற்கெனவே ஒட்டியிருப்பதைக்கூட, அதைவிட வலுவாக ஒட்டும் இன்னொன்று வந்து வெளியே தள்ளிவிடும். நிரம்பிய கரியைக் குப்பையில் கொட்டினால் மாசு இடம் மாறுகிறது. உயர் வெப்பத்தில் புதுப்பிக்கலாம்; ஆனால் அதற்கான எரிபொருளையும் கணக்கில் சேர்த்த பிறகே ‘பசுமை’ என்று சொல்ல வேண்டும்.

ஓசோன் வாயுவைச் செலுத்தி இந்த மாசுகளைச் சிதைக்க முடியாதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கார்பமாசெபைன், டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகளை அது நன்றாகவே சிதைக்கும். ஆனால் பிஎஃப்ஏஎஸ்ஸில் உள்ள கார்பன்-ஃபுளோரின் பிணைப்பிடம் அதன் வித்தை பலிக்காது. தண்ணீரில் புரோமைடு உப்பு இருந்தால் புரோமேட் என்ற தீங்கான துணைப்பொருள் உருவாகும் தொல்லை வேறு.

கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு நீங்கள் சுவிட்சர்லாந்தை உதாரணம் காட்டியது சரி. அங்கே தேர்ந்தெடுத்த கழிவுநீர் நிலையங்கள் நுண்மாசுகளில் (மருந்து எச்சம் போல மிகச் சிறிய அளவில் கலந்திருப்பவை) 80 சதவீதத்தை நீக்க வேண்டும் என்ற விதி 2016 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அந்த 80 சதவீதம் மற்றவற்றுக்குப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்த சில அடையாளச் சேர்மங்களை மட்டும் வைத்து அளக்கப்படுவது. பிஎஃப்ஏஎஸ் அந்தப் பட்டியலில் இல்லை.